யாருக்கு இந்தப் படம்?

"அப்பா, அந்த ஆன்ட்டி இன்னிக்கும் நிக்கிறாங்க."

மகளின் குரல் செய்தி வந்தபோது அவன் தெருமுனையில் நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். சற்று முன் அனுப்பிய படத்தில் ஆளே கிடையாது. நனைந்த சாலை, இன்னும் அணையாத விளக்குகள், பாதி திறந்த ஒரு கடை. அவ்வளவுதான்.

"எந்த ஆன்ட்டிம்மா?"

"சாம்பல் கலர் சால்வை! திங்கக்கிழமைலேருந்து எல்லாப் போட்டோலயும் இருக்காங்க. நீயெல்லாம் ஒரு போட்டோகிராபரு!"

சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினான். சிரிப்பு பாதியில் நின்றது. பால் நிலையத்தின் ஓரம் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து பார்த்தான். பால் நிலையத்தின் ஓரம் யாருமில்லை.

பகலெல்லாம் அவனுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலை. நீலத் துணி, ஒரு முக்காலி, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்ற ஒரே வசனம். மனைவி மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வசனமும் இல்லாமல் வாயே மூடிக் கிடக்கும். அதனால்தான் விடியற்காலையில் இந்த முனைக்கு வந்துவிடுவான். டீசலும் ஈரமண்ணும் கலந்த வாசனையில், துடைப்பம் தரையை உரசும் சத்தத்தில், கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று மேலேறும்போது தானும் இந்த ஊரில் ஓர் ஆள்தான் என்று தோன்றும். ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவான். நாள் முழுவதையும் ஓட்ட அது போதும்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணை நேரிலேயே பார்த்தது இப்போது நினைவுக்கு வந்தது. பேருந்து நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்காமல், பின்னாலிருந்து எடுத்துவிட்டான். கிளிக் சத்தத்துக்கு அவள் திரும்பவில்லை.

"யாருக்கு இந்தப் படம்?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டாமல் பேசுகிறாளே என்ற சந்தோஷத்தில் அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். மகளுக்கு. எட்டு வயசு. அவங்க அம்மாவோட இருக்கா. பாலத்தைத் தாண்டிப் போற ரோட்டுல மூணு மணி நேரம். அஞ்சாவது மாடி. காலைல பல்லு தேய்ச்சுக்கிட்டே பால்கனில நின்னு என் படத்தைப் பாப்பா.

"தனியாவா நிப்பா?" என்றாள்.

"ஆமா. அவங்க அம்மா லேட்டாத்தான் எந்திரிப்பாங்க."

பழைய படங்களைப் புரட்டினான். திங்கள், பெஞ்சில். செவ்வாய், மருந்துக்கடை வாசலில். இன்று புதன், பால் நிலையம். எப்போதும் முதுகுதான்.

வியாழனன்று கேமராவை நிறுத்தும் மூன்றுகால் ஸ்டாண்டை எடுத்து வந்தான். அந்த வேலையின் சூட்சுமம் அவனுக்கு அத்துப்படி. முப்பது விநாடி கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்தால் அசைகிற எதுவும் படத்தில் தங்காது. துப்புரவுக்காரர் கரைந்துபோவார், பேருந்து வெறும் வெளிச்சக் கோடாகும். அசையாதது மட்டும் மிஞ்சும்.

முப்பது விநாடி. காற்று பலமாக வீசியது. தெருவில் பறந்த தாள்கள் எதுவும் படத்தில் இல்லை. அவள் இருந்தாள். சால்வையின் நுனிகூட ஆடாமல், அவ்வளவு துல்லியமாக. தூரத்தில், பாலத்தின் தொடக்கத்தில்.

நேற்றைவிடத் தள்ளி. அவனுக்கு உயிர் வந்தது. நம்மை நோக்கி வரவில்லை. விலகிப் போகிறாள். போய்த் தொலையட்டும்.

அன்று மகளுக்குப் படம் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி முப்பது விநாடி. பெஞ்ச் காலி. பால் நிலையம் காலி. பாலம் காலி. பலமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்து வெளியே வந்தவன் போல வாய்விட்டுச் சிரித்தான். பாலத்தின் மேல் முதல் வெளியூர்ப் பேருந்து ஏறியது. அதன் பலகையில் மகள் இருக்கும் ஊரின் பெயர்.

சிரிப்பு நின்றது.

பாலத்தைத் தாண்டிப் போற ரோட்டுல. அவன்தான் சொன்னான். அவன் வாயால்.

மகளுக்கு அழைத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மனைவிக்கு அழைத்தான். போனை அணைத்து வைத்திருந்தாள். துடைப்பத்தின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

செல்பேசி அதிர்ந்தது. மகளிடமிருந்து ஒரு படம்.

ஐந்தாவது மாடி பால்கனி. விடிந்தும் விடியாத வெளிச்சம். தரையில் விழுந்து கிடந்த பல் துலக்கும் பிரஷ். கம்பியருகே மகள், முதுகைக் காட்டிக்கொண்டு. தோளில் சாம்பல் நிறச் சால்வை. அவள் உயரத்துக்கு மிக நீளம், தரையில் புரண்டது.

அறைக்குள்ளிருந்து யாரோ எடுத்த படம்.

கீழே ஒரு குரல் செய்தி. மகள் குரல் இல்லை.

"இந்தப் படம் உங்களுக்கு."

"பாப்பா," என்றான். காலித் தெருவில் அவன் குரல் மட்டும். "பாப்பா, திரும்பும்மா."

அடுத்த படம் வந்தது. அதில் பால்கனி இல்லை. ஒரு நீண்ட, காலியான சாலை. நடுவில் அந்தச் சின்ன முதுகு.

அடுத்தது வந்தது. அதில் அவள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.