சங்கிலிக் கோபுரத்துத் தளபதி

மேற்றிசையில் கதிரவன் நீலக் கடலின் விளிம்பைத் தொட்டுவிட்ட அந்த அந்திப் பொழுதில், ஆர்கேலா நகரத்தின் வெண்ணிற மதில்கள் செம்பொன் பூசியது போல் சுடர்விட்டன. இன்று மத்தியதரைக் கடல் என்று நாம் அழைக்கும் நெடுநீர்ப் பரப்பின் கரையில், திரவேனா என்னும் யவன நாட்டின் தலைவாயிலாக அந்நகரம் விளங்கிய காலம் அது. குன்றின் சரிவெங்கும் ஒலிவ மரங்கள் வெள்ளியிலைகளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. கீழே துறைமுகத்தின் வாயிலில், கடலுக்குள் காவல் பூதமெனச் சங்கிலிக் கோபுரம் எழுந்து நின்றது.

ஆனால் வாசகர்களே, இந்த எழிலில் ஒரு துளியையேனும் கீரஞ்சாத்தன் பருகினானில்லை. பாண்டியரின் கடற்படையில் உபதளபதியான அவன், முத்து வணிகனாக வேடம் பூண்டு, செங்கடலை மரக்கலத்திலும் பாலைவனத்தை ஒட்டகத்திலும் கடந்து, யவனர் கலமொன்றை அமர்த்திக்கொண்டு இங்கே வந்திருந்தான். இந்தக் கடலில் கலம் உடைந்து காணாமற்போன தமையன் பெருங்கண்ணன் உயிரோடிருக்கிறானா என்று அறியும் வரையில் அவனுக்கு ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை. பழைய நகரைப் பார்க்க அனுமதி வேண்டிய போது, நகரத் தலைவன் தெரோன் புன்னகையுடன் இசைந்து, தமிழறிந்த மெலீனா என்ற பெண்ணைத் துணைக்கு அனுப்பியிருந்தான்.

அவள் பளிங்குத் தூண்களையும், பாசி படர்ந்த பழைய அரங்கையும் காட்டிக்கொண்டே நடந்தாள். அவனோ எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் துழாவினான். கடலை நோக்கிய மதில்மேல் ஏறியதும் மெலீனா நின்றாள். அருகில் எவருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தாங்கள் கற்களைப் பார்க்க வரவில்லை. அது தெரோனுக்கும் தெரியும். கலங்கரை விளக்கில் தீ ஏற்றியதும், எந்தக் கலமும் வெளியேற முடியாதபடி துறைவாயிலில் இரும்புச் சங்கிலி உயரும். அதன்பின் தங்களைச் சிறைப்பிடிக்க ஆணை பிறந்துவிட்டது. இப்போதே புறப்படுங்கள்."

கீரஞ்சாத்தனின் கை இடைக்கச்சையில் மறைந்திருந்த குறுவாளைப் பற்றியது. "என்னை விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை என்று எப்படி நம்புவது, அம்மணி?"

"உறக்கத்தில் அவர் தங்களைச் 'சின்னவனே' என்றுதான் அழைக்கிறார்."

கீரஞ்சாத்தனின் கை குறுவாளை விட்டது. அந்தப் பெயரால் அவனை அழைத்தவன் உலகில் ஒருவன்தான்.

"அம்மணி, தாங்கள் யார்?"

"தங்கள் தமையனின் மனைவி. கலம் உடைந்து கரையொதுங்கியவரை என் தந்தையார் வீட்டில்தான் கிடத்தினார்கள். உயிர் பிழைத்தவர் என்னை மணந்தார். அவருடைய வீரத்தைக் கண்ட தெரோன், அதோ அந்தக் கோபுரத்துக்குத் தளபதியாக்கினான். அவர் ஓடிவிடாதிருக்க எங்கள் மகளை அரண்மனையில் வைத்துக்கொண்டான்."

அப்படியானால் கோபுரத்துக்கே போவேன், ஒருமுறை முகத்தையேனும் பார்ப்பேன் என்று கீரஞ்சாத்தன் துடித்தான். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். காவலர்களுக்கு நடுவில் நிற்கும் அவரிடம் தம்பி என்று சொல்லிக்கொண்டு நெருங்கினால் இருவர் தலையும் உருளும், குழந்தையும் பிழைக்காது என்று எடுத்துரைத்தாள். சங்கிலியை எவ்வளவு நேரம் தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதிப்பதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார் என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. விழிகள் மட்டும் நிறைந்திருந்தன.

கீரஞ்சாத்தன் அவளை வணங்கிவிட்டு மதிற்படிகளில் பாய்ந்திறங்கினான். அவன் கலத்தை அடைந்து பாய் விரிக்கவும், கலங்கரை விளக்கில் தீ கொழுந்துவிடவும் சரியாக இருந்தது. கரையில் கொம்புகள் முழங்கின. துடுப்புகள் நீரைக் கிழித்தன, சங்கிலி எழவில்லை. கோபுரத்தின் உச்சியில், வேல்வீரர் புடைசூழ, நெடிய உருவமொன்று அசையாமல் நின்றது. அந்தத் தோள்களின் சாய்வைக் கீரஞ்சாத்தன் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பான். அழைக்க வாய் திறந்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கலம் வாயிலைக் கடந்த மறுகணம், அந்த உருவம் அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி உரத்த குரலில் கட்டளையிட்டது. பின்னால் இரும்புச் சங்கிலி நீரைச் சொரிந்தபடி உயர்ந்தது. துரத்தப் புறப்பட்ட தெரோனின் கலங்கள் அதற்கு உள்ளே அடைபட்டன. தாமதத்துக்கு அண்ணன் என்ன விலை கொடுக்கப்போகிறானோ என்ற எண்ணம் கீரஞ்சாத்தனின் நெஞ்சை அறுத்தது.

தெற்கே தாயகம் நோக்கித் திருப்பவா என்று மாலுமி பணிவுடன் கேட்டான்.

"வேண்டாம். அடுத்த தீவில் தெரோனின் பகைவர்கள் படை திரட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே செலுத்து" என்றான் கீரஞ்சாத்தன். பிறகு குறுவாளை உருவி, உப்புக் காற்றில் உயர்த்திப் பிடித்தான்.

"அண்ணன், அண்ணியார், அவர்கள் குழந்தை, மூவரையும் அழைத்துக்கொண்டல்லாமல் கொற்கைத் துறையில் காலடி வைக்க மாட்டேன். குமரித் தெய்வத்தின்மேல் ஆணை."