பதினோராவது படி

பதினோராவது படி சரியாக இருந்தது. அதுதான் சரியில்லை.

அளவு நாடாவை மறுபடியும் படியோரம் நிறுத்திப் பார்த்தாள். பதினைந்து சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருந்ததும் பதினைந்து, மேலே இருந்ததும் பதினைந்து. ஆனால் இந்தப் படியைப் பதின்மூன்று என்று வரைந்தவள் அவள். குறைந்த இரண்டை அடுத்த படி விழுங்கிக்கொள்ளட்டும் என்று அதைப் பதினேழாக்கியவளும் அவளே.

கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். மூன்று படி ஏறினால் போதும், நான்காவதின் உயரத்தைக் கால் மனப்பாடம் செய்துவிடும். அதற்குப் பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் கை வைத்தாள். மொத்தம் இருபத்தொரு படி. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் பதினோராவது இதுதான்.

கட்டடம் அவள் தங்கை வடிவமைத்தது. ஊர் நூலகம். ஒன்பது வருடமாக அடுத்தவர்கள் யோசித்ததற்கெல்லாம் அளவு போட்டுக் கொடுத்தவள் அக்காவான அவள். மூன்று வருடத்துக்கு முன் அதே அலுவலகத்தில் சேர்ந்த தங்கையின் வடிவமைப்பு தேர்வானது. "உங்க வீட்ல ஒருத்தி கனவு காண்றா, ஒருத்தி கோடு போடுறா. நல்ல ஜோடிம்மா," என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலைதான் பதினைந்தை அழித்துப் பதின்மூன்று என்று எழுதினாள். யாராவது தடுக்கி ஒரு முறை முகம் சுளிக்கட்டும். அதற்கு மேல் நினைக்கவில்லை.

நாளை திறப்பு. முதலில் படியேறப் போவது அம்மா என்று நேற்று சாப்பிடும்போது தங்கை சொன்னாள். முட்டி தேய்ந்துபோன அம்மா, தடியோடு. இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எச்சரிக்கையாகப் படியில் ஒட்ட மஞ்சள் பட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த மதியத்தில் தனியாக வந்திருந்தாள்.

தங்கைக்குப் போன் செய்தாள்.

"படியில எதையாவது மாத்துனியா?"

"நானா? நீ வரைஞ்சது அப்படியே கட்டியிருக்கு. உன் தாளை நான் என்னிக்குக்கா சரிபார்த்திருக்கேன்? ஏன், ஏதாவது தப்பா?"

"ஒண்ணுமில்ல."

வந்திருக்க வேண்டிய நிம்மதி வரவில்லை. என் தப்பைக்கூட இவளுடைய கட்டடம் திருத்திக்கொள்கிறதா என்ற எரிச்சல்தான் வந்தது. நாடாவைச் சுருட்டி, இறங்கி, வாசலை நோக்கி நடந்தாள்.

தங்கை அந்தக் கட்டடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகைகூட வைக்கவில்லை. வாசலருகே கூரையைத் தாழ்த்தியிருந்தாள், தோள் தானாக ஒடுங்கும்படி. பிறகு கூரை உயர்ந்து, சுவர்கள் மெல்ல விலகி, தூரத்தில் படிக்கட்டின் மேல் வெளிச்சம் விழும். கால் தானாக அங்கே போய்விடும் என்பாள். ஈரச் சுண்ணாம்பும் புது மர அலமாரியும் கலந்து மணத்த நீண்ட நடையில் அக்கா திரும்பினாள், மறுபடி திரும்பினாள், கூரை உயர்ந்தது, சுவர்கள் விலகின. எதிரே வெளிச்சம்.

படிக்கட்டு.

வந்த வழியே திரும்பினாள். இந்த முறை சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். சுவர் குளிர்ந்து, வழவழவென்று, எங்கேயும் விட்டுப்போகாமல் அவளை அழைத்துச் சென்றது.

படிக்கட்டு.

அப்போது மேலே ஒரு சத்தம். டொக். பிறகு ஒரு காலை இழுத்து வைக்கும் ஓசை. டொக். தடியின் நுனிக்கு ரப்பர் வாங்கி மாட்டியது அவள்தான். அந்த மந்தமான ஒலி அவளுக்குப் பழக்கம்.

ஓடி ஏறினாள். பதினோராவது படியில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மறுபடி தங்கைக்குப் போன் போட்டாள்.

"அம்மா எங்கடி?"

"இதோ, பக்கத்துலதான். முட்டிக்குத் தைலம் தேய்ச்சு விடறேன். பேசறியா?"

டொக். ஐந்து. டொக். ஆறு.

நிமிர்ந்து பார்த்தாள். இறங்கி வந்த உருவத்தின் முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்ததால் முகம் தெரியவில்லை. கோணிய முட்டி தெரிந்தது. தடி தெரிந்தது. ஏழு. தைல வாசனை வந்தது. எட்டு.

நாடாவை இழுத்துப் படியோரம் வைத்தாள்.

பதின்மூன்று. அதற்கு மேல்படி பதினேழு.

ஒன்பது. பத்து.

"யாரது, சின்னவளா?" அம்மாவின் குரல்தான். "ஒதுங்கவெல்லாம் வேணாம்டி. நீ கட்டினதுதானே. கண்ண மூடிக்கிட்டு இறங்குவேன்."

நான் பெரியவ. நில்லும்மா. அவ்வளவு சொன்னால் போதும்.

சின்னவளா, என்றுதான் கேட்டாள். இங்கேயும் சின்னவள்.

நாடாவை விட்டாள். கை படியிலேயே கிடந்தது.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

தடி ஓரமாகச் சாய்ந்தது. கால் ஒன்று மெல்ல இறங்கியது. பத்துப் படிகள் சொல்லிக்கொடுத்த இடத்தில், படியில் விரிந்து கிடந்த அவள் கைக்கு மேலே, இரண்டு சென்டிமீட்டர் காற்றில் அது நின்றது. விரல்கள் விரிந்தன. மடங்கின. தரையைத் தேடின.

இன்னும் தேடிக்கொண்டிருந்தன.