வசனமே இல்லாத காட்சி

கொட்டும் மழையில் படியேறி ஓடி வந்தவள் எடிட்டிங் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ள, அதே நொடியில் உள்ளிருந்து ஒருவன் இழுக்க... நேராகப் போய் அவன் தோளில் மோதினாள். அவன் கையிலிருந்த காபி அவன் சட்டையிலேயே கவிழ்ந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது... அதான் வேற எதுவும் தெரியல," என்றான், அவள் கண்களையே பார்த்தபடி.

அவளுக்குச் சுர்ரென்றது. கண்ணாம் கண்ணு! அம்மாவின் கண்ணையும் இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே அவள் நடிப்பை மறக்கடித்தார்கள்?

அம்மா ஒரு காலத்துப் பெரிய நாயகி. அலமாரி நிறையக் கேடயங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாழ்நாள் சாதனை விருது. விழாவில் காட்டப்போகும் அம்மாவின் படத் தொகுப்பைப் பார்க்கத்தான், டப்பிங் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மகள் ஓடி வந்திருந்தாள்.

திரையிடும் அறையில் விளக்கு அணைந்தது. பாட்டு... மறுபடி பாட்டு... மழையில் அம்மா, மலர்களில் அம்மா, இமைகள் படபடக்கும் அம்மா.

"இதை வெட்டி ஒட்டின மகராசன் யாரு?"

காபிக் கறைச் சட்டை மெல்லக் கை தூக்கியது.

"எங்கம்மா நடிக்கவும் செஞ்சாங்க சார். கடைசிப் படத்துல அந்தக் கோர்ட் காட்சி எங்க?"

"விழாக் குழு பாட்டு மட்டும் போதும்னுட்டாங்க. அந்தப் படம் ஓடல, பரிசும் வாங்கல..."

"அதனால நடிக்கலன்னு ஆயிடுமா? அது வர்ற வரைக்கும் நான் விடறதா இல்ல."

விடவில்லை. தினமும் வேலை முடிந்ததும் எடிட்டிங் அறையில் வந்து உட்கார்ந்தாள். அவளோடு மல்லுக்கட்டி அலுத்து, கடைசியில் அவன் அந்தப் படத்தின் பழைய பிரதியைத் தேடிப்பிடித்து ஓடவிட்டான்.

திரையில், மகனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு. அம்மா அழவில்லை. மகனின் சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிடுகிறாள். விரல்கள் மட்டும் நடுங்குகின்றன... ஒரு வார்த்தை இல்லை.

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நாள் வம்பிழுத்தவனா இவன்?

"ஒண்ணு சொல்லணும்... அந்த வருஷம் விருதுக்கான நடுவர் குழுத் தலைவர் எங்கப்பா. 'முகத்துல ஒண்ணுமே காட்டலையே'ன்னு உங்கம்மாவ ஒதுக்கினது அவர்தான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அந்த நடுவர் முடிவுக்குப் பிறகுதான் அம்மா கேமரா முன் நிற்பதையே விட்டாள்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் கொட்டியதும் அம்மா நிதானமாகக் கேட்டாள். "அந்தப் பையனுக்குக் கண் கலங்கிச்சா, இல்லையா?"

"கலங்கிச்சு..."

"அப்ப அவன் பாத்துட்டான்டி. அப்பன் பாக்காததுக்குப் பிள்ளைய ஏன் அடிக்கற?"

ஞாயிற்றுக்கிழமை. விழா அரங்கில், தொகுப்பைப் பாட்டோடு முடித்தால் மேடையேறித் தானே பேசிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டு... இன்னொன்று... சட்டென்று அமைதி. திரையில் கோர்ட்!

விழாக் குழுவினர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காட்சி முடிந்ததும் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றித் தனியாக எழுந்தார். அம்மாவைப் பார்த்துக் கைதட்டினார். பிறகு அரங்கமே எழுந்தது. அம்மா அப்போதுதான் அழுதாள்.

திரைக்குப் பின்னால் அவனைக் கண்டுபிடித்தாள்.

"குழு என்ன சொன்னாங்க?"

"இனிமே இந்தப் பக்கமே வராதேன்னாங்க."

"அந்தப் பெரியவர்... உங்கப்பாவா?"

"ம். நேத்து வீட்டுல அவருக்குப் போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் 'மறுபடி போடு'ன்னார்."

"வேலை போனது வருத்தமா இல்லையா?"

"அதுக்கில்ல... சாயங்காலமானா சண்டைக்கு ஆள் வராதேன்னுதான். பழகிப்போச்சு. நீங்க இல்லாம... இனிமே முடியாது போலிருக்கு."

அவள் முகம் சூடேறியது. பார்வையை மட்டும் தாழ்த்தவில்லை.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இதைச் சொல்லாம இங்கேருந்து நகரக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லிட்டீங்களே... இப்ப நகரலாமா?"

"தனியாவா?" என்றாள்.