பின்னால் கேட்ட குரல்

பாலைவனத்து நடுவில் இருந்த அந்தச் சுரங்கத்தை மூடி முப்பது வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். தகரக்கூரை போட்ட மூன்று அறைகள், அவற்றின் பின்னால் வாய் பிளந்த ஒரு பள்ளம், அவ்வளவுதான். எங்களைக் கூட்டிவந்த புரொபசர் லாரியிலிருந்து குதித்து இறங்கினார். உயிரோடு இருக்கும் டைனோசரை உலகத்துக்குக் காட்டாமல் ஊர் திரும்பமாட்டாராம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கைமரம் ஏறித்தானே ஆகவேண்டும் என்று நான் சாமான்களை இறக்கினேன்.

லாரி என்னுடையது. கிளீனர், என் தங்கையின் புருஷன். அவளுக்கு அப்போது ஏழு மாதம். கிளம்பும்போது, "அண்ணா, இவரைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடு" என்றாள். "உன் புருஷன் என்ன பச்சைக் குழந்தையா?" என்று கேலி செய்தேன். அந்த வாயை இன்று தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லாரி ஓட்டுகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் கிளீனரின் குரல்தான் கண். "வரலாம் வா... வரலாம் வா..." என்று கேட்கும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளைக்கு நான் 'வாங்க மச்சான், போங்க மச்சான்'தான். ரிவர்ஸில் மட்டும் 'வா'. நாலு வருஷத்தில் ஒரு சுவரில்கூட என்னை இடிக்கவிட்டதில்லை. இங்கே வந்த அன்று லாரியை அறைகளின் பக்கம் ஒதுக்கியதும் அந்தக் குரலை வைத்துத்தான்.

மறுநாள் பள்ளத்தின் ஓரத்தில் தடம் கிடைத்தது. மூன்று விரல், லாரி டயர் அகலம். ஈரச்சாக்கு மட்கிய மாதிரி ஒரு நாற்றம். "அற்புதம்! அற்புதம்!" என்று கத்தினார் புரொபசர். மாப்பிள்ளைக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. சாயங்காலமானால் புரொபசரின் சாட்டிலைட் போனை வாங்கி, "சாப்பிட்டியா? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று தங்கையிடம் ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாம் நாள் காலை, புரொபசர் கேமராவோடு பள்ளத்தில் இறங்கினார். மதியத்துக்குள் புழுதிக்காற்று கிளம்பி வெயிலையே மூடிவிட்டது. பள்ளத்துக்குள்ளிருந்து, "அற்புதம்! அற்புதம்!" என்று குரல் வந்தது. கூப்பிட்டோம். பதில் இல்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே வார்த்தை. அதே இழுப்பு, அதே மூச்சு. பத்துத் தடவை.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், அது அவர் இல்ல. கிளம்பிடலாம்."

லாரியைத் திருப்பினால்தான் வெளியே போகமுடியும். நான் ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை புழுதியில் மறைந்தார்.

"வரலாம் வா மச்சான்... வரலாம் வா..."

ரிவர்ஸ் எடுத்தேன்.

"வரலாம் வா..."

என் பக்கத்துக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஜன்னலில் மாப்பிள்ளையின் முகம்.

"நிறுத்துங்க மச்சான்! யாரு பேசுறது? நான் இன்னும் பின்னாடி போகவே இல்லியே!"

பிரேக்கை மிதித்தேன். அதற்குள் பின்சக்கரங்கள் பள்ளத்தில் சரிந்துவிட்டன. குலுங்கிய குலுக்கலில் மாப்பிள்ளை எங்கோ போய் விழுந்தார். என் கால் பெடலுக்கடியில் சிக்கிக்கொண்டது.

"மாப்ளே! இங்க வாங்க!"

பின்னாலிருந்து, என் குரலில்:

"மாப்ளே! இங்க வாங்க!"

"அது நான் இல்ல! போகாதீங்க!"

"அது நான் இல்ல! போகாதீங்க!"

"வந்துட்டேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

செருப்புச் சத்தம் என் கதவைத் தாண்டிப் பின்பக்கம் போனது.

வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். வார்த்தையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

இரண்டு நாள் கழித்துத் தேடிவந்தவர்கள் என்னை மட்டும் மீட்டார்கள். பள்ளம் காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருந்த அந்தப் போனும் அவரோடு போய்விட்டது. நடந்ததைத் தங்கையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆளைக் காணோம் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பிக்கையோடு காத்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பேசுறாருண்ணா. நாலு நாளா தினமும் கூப்பிடுறாரு. குழந்தையைத் தூக்கிட்டு நான் அங்க போறேன்."

அந்தப் போனில் சார்ஜ் இரண்டு நாளைக்குமேல் நிற்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்கத் தயாராக இல்லை.

"அவர் குரல் எனக்குத் தெரியாதா? நேத்து குழந்தை அழுதப்போ போனை அதுகிட்ட வெச்சேன். ஒண்ணுமே பேசாம, அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தாரு."

மேஜைமேல் போன் அடித்தது. அவள் அதை எடுத்து என் காதில் வைத்தாள்.

"சாப்பிட்டியா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தைகூடக் கிடைக்கக் கூடாது.

பிறகு போனுக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.