சவரிமுத்துவின் மவுத்பீஸ்

ஊசி போட்டு ஈறு மரத்துக் கால்மணி நேரம் ஆகியும், முன்பல்லுக்கு மேலே சில்லென்று காற்றுப் படுவது மட்டும் இஞ்ஞாசிமுத்துவுக்கு நிற்கவில்லை. மின்விசிறி ஓடவில்லை. காரைக்குடி செக்காலைப் பக்கத்து மாடி கிளினிக்கில் பகல் பதினோரு மணி வெயிலும், கிராம்புத் தைல வாடையும், கீழே டவுன் பஸ் ஹாரனும் எப்போதும்போலத்தான் இருந்தன.

அந்தப் பல் போனால் பிழைப்பே போச்சு. பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவனுக்கு, உதட்டில் அழுத்தி ஊதுகிற மவுத்பீஸைத் தாங்குவது முன்பல்தான். இரண்டு தடவை வேரைச் சுத்தம் செய்து அடைத்தும் சீழ் திரும்பத் திரும்பக் கட்டியது. பிடுங்கச் சொன்னவர்களை விட்டுவிட்டு, மெட்ராஸில் படித்துவந்த டாக்டர் தண்டாயுதபாணியிடம் வந்திருந்தான்.

"பல்லைப் பிடுங்க வேணாம். ஈறைக் கொஞ்சூண்டு கீறி, வேர்நுனியை மட்டும் வெட்டி அடைச்சிருவோம். ஆறுனதும் ஊதலாம், பயப்படாதீக," என்றிருந்தார்.

ஆப்பரேஷனுக்கு அவன் பயப்படவில்லை; பயம் வேறு. அவனுடைய பேண்டு செட்டில் ஊதுகிறவன் செத்தால், செத்தவனின் மவுத்பீஸைச் சவப்பெட்டிக்குள் அவன் கையிலேயே வைத்துவிடுவார்கள். தவக்காலத்தில் செட்டின் மூத்த டிரம்பெட்காரர் சவரிமுத்து அண்ணன் செத்தபோது அந்தப் பொறுப்பு இஞ்ஞாசிக்கு வந்தது. அண்ணனுடையது வெள்ளி முலாம் போட்ட அருமையான சாமான். மண்ணுக்குள் போட மனசு வரவில்லை. தன்னுடைய தேய்ந்த பித்தளை மவுத்பீஸை அவர் கையில் செருகிவிட்டு அதை எடுத்துக்கொண்டான். மறுவாரமே முன்பல்லில் வலி குத்த ஆரம்பித்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

டிரில் ஓடி நின்றது. சீழ் வாடை இல்லை. மெழுகுவத்தியும் வாடின சாமந்தியும் கலந்த வாடை. டாக்டர் சின்னக் கண்ணாடியை ஈறிலிருந்த துளைக்கு நேரே பிடித்தார். துடைத்தார். மறுபடி பிடித்தார்.

"வாயால மூச்சு விடாதீக. கண்ணாடி மங்குது."

அவன் விடவில்லை.

"கொஞ்ச நேரம் அடக்குங்க."

அடக்கினான். நெஞ்சு அசையவில்லை.

கண்ணாடி மங்கியது. தெளிந்தது. மங்கியது. சீராக.

டாக்டர் பின்வாங்கினார். உதட்டை இழுத்துப் பிடித்திருந்த கம்பி தரையில் விழுந்தது. அண்ணனுடையதைக் கொடுத்துவிடுகிறேன், பெட்டியைத் தோண்டியாவது கொடுத்துவிடுகிறேன் என்று கத்த நினைத்தான். நாக்கு எழவில்லை.

துளைக்குள் ஒரு மூச்சு இழுபட்டது. நீளமாக. கல்லறையில் அடக்கப் பாட்டு ஊத எடுக்குமுன் சவரிமுத்து அண்ணன் இழுக்கிற மூச்சு.

இஞ்ஞாசியின் மரத்த உதடுகள் ஊதுவதற்குத் தாமாகக் குவிந்தன.