ஏழாம் படுக்கையின் பதில்

மூடிக்கிடந்த தீவிர சிகிச்சை வார்டின் பூட்டைத் திறக்கத் தலைமை நர்ஸுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நல்ல பகல். உள்ளே ஈரத் துணியும் பழைய மருந்தும் கலந்த வாடை. கட்டில்கள் நின்ற இடங்களில் தரை மட்டும் வெளிறியிருந்தது.

அங்கிருந்த பழைய சர்வரின் நோயாளிப் பதிவுகளைப் புதிய கட்டடத்துக்கு மாற்ற வந்திருந்தாள் கணினிப் பொறியாளர். வேலை சுலபம். மடிக்கணினியின் கறுப்புத் திரையில், சர்வரிடம் கேள்வி கேட்கும் 'கர்ல்' என்ற கட்டளையில் தொடங்கும் ஒரு வரி. கடைசியில் படுக்கை எண். தட்டினால் பதிவு வந்துவிடும்.

ஆறு படுக்கைகள் சாதுவாக வந்தன. எல்லாம் இரண்டு வருடப் பழசு.

ஏழாவதில் இன்றைய தேதி இருந்தது. நாடித்துடிப்பு 64.

"சிஸ்டர், ஏழாம் பெட்ல மெஷின் ஏதாவது ஓடுதா?"

"கட்டிலையே காணோம். மெஷின் எங்கேருந்தும்மா வரும்?"

மறுபடி தட்டினாள். 51.

மறுபடி. 38.

இம்முறை குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: 'மூச்சு முட்டுது. சிஸ்டர் வாங்க.'

எட்டிப் பார்த்த நர்ஸுக்கு முகம் வெளிறியது.

"இந்த ஏழாம் பெட்ல இருந்த பொண்ணுதான்... மணியடிச்சுக்கிட்டே இருந்தா. அன்னிக்கு டியூட்டில நான் ஒருத்திதான். நான் போறதுக்குள்ள..." பொறியாளரின் தோளைப் பிடித்தாள். "வந்துட்டேன்னு எழுதும்மா. எழுதி அனுப்பு!"

பொறியாளர் அதே கட்டளையில் 'வந்துட்டேன்' என்று சேர்த்து அனுப்பினாள்.

அனுமதி இல்லை.

கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தாள். அனுமதி இல்லை. அந்த சர்வரில் படிக்கலாம், எழுத முடியாது.

நர்ஸ் ஓடிப்போய், ஏழாம் கட்டில் நின்ற வெற்றுத் தரையில் மண்டியிட்டாள். "வந்துட்டேன்டி கண்ணு. இதோ வந்துட்டேன்."

"இப்ப பாரும்மா," என்று கிசுகிசுத்தாள்.

பொறியாளருக்குக் கை வரவில்லை. கேட்கக் கேட்க அல்லவா குறைகிறது?

"பாரும்மா!"

தட்டினாள்.

பூஜ்யம்.

சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, விம்மிக்கொண்டிருந்தவளைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தாள்.

மறுநாள் காலை, புதிய கட்டடத்து சர்வருக்கு வந்த கேள்விகளின் பதிவைத் திறந்தாள் பொறியாளர். பிடுங்கிப் போட்ட அந்தப் பழைய சர்வரின் முகவரியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது. நோயாளிகளைப் பற்றி அல்ல. நர்ஸுகளின் பட்டியலில் ஒரே ஒரு பெயரைப் பற்றி: தலைமை நர்ஸின் பெயர்.

முகவரியைத் தடுத்தாள். தடுத்த பிறகும் வந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் புதிய சர்வர் பணிவாகப் பதில் அனுப்பியது:

'பணியில் இருக்கிறார்.'