வெட்டிய மூச்சு

மதியம் வெட்டி எறிந்த மூச்சு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் அதே இடத்தில் இருந்தது.

திலீப் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். சேமிக்காமல் எழுந்து போயிருப்பான், கம்ப்யூட்டர் பழையதைத் திறந்து வைத்திருக்கும். இந்தத் தொழிலில் இது நடக்காத வாரம் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது சரணத்துக்குச் சற்று முன்னால் ஓடவிட்டான். திரையில் குரலின் அலைக்கோடு நேராகப் போய், அந்த இடத்தில் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்திருந்தது. பாடுகிறவர் அடுத்த வரிக்காக உள்ளே இழுக்கும் காற்று. வெட்டினான். சேமித்தான். சேமித்ததை மறுபடி திறந்தும் பார்த்துக்கொண்டான்.

மூச்சை வெட்டுவது அவனுக்கு அன்றாட வேலை. அவர்களுடைய 'இடிமுரசு' குழு பாடுவது பவர் மெட்டல். அதில் டிரம்ஸ் குதிரைப்படையாக ஓடும், கிடார் அதைத் துரத்தும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் ஏறிக்கொண்டே போகும். போர், வேல், பழி, வெற்றி, இவற்றைத் தவிர வேறெதையும் பாட ஜெகநாதனுக்குப் பிடிக்காது. காதலுக்குத்தான் சினிமா இருக்கிறதே என்பான். பாடுகிறவன் மனிதன் என்றே தெரியக் கூடாது, மூச்சு வாங்குகிறவன் எப்படி அசுரனை வெல்வான் என்பது அவனுடைய கட்சி. குழுவைத் தொடங்கியவன், கிடார் வாசிப்பவன், பாட்டு எழுதுபவன், காசு போடுபவன் எல்லாம் அவனே. அதனால் அவன் கட்சிதான் எல்லார் கட்சியும். டிரம்ஸ் வாசிப்பதும் பதிவு செய்வதும் வெட்டி ஒட்டுவதும் திலீப்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஜெகநாதன் வீட்டு மாடியில்தான் பதிவு. சுவரெல்லாம் பழைய தென்னைநார் மெத்தைகள். நடுவே கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று, பாடுகிறவர் நிற்பதற்கு. அதன் கதவிலும் மெத்தை ஒட்டி, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். மூடினால் பஸ் ஹாரன் கேட்காது, மலைமேல் ஒலிக்கும் முருகன் பாட்டு கேட்காது, ஆந்திராவிலிருந்து வரும் காவடிக் கூட்டத்தின் அரோகராவும் கேட்காது. காற்றும் வராது. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறிகூட வைக்கவில்லை.

அலைக்கோட்டை மறுபடி ஓடவிட்டான். வெட்டிய இடத்தில் மூச்சு இருந்தது. இந்த முறை முன்னைவிட நீளமாக இருந்தது. அதன் கடைசியில், சாத்திய ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைவதுபோல் ஒரு மெல்லிய விசில் சத்தம்.

பாட்டைப் பாடிய பிரபாவதிக்கு அப்படி விசில் வராது. அவளுக்கு நல்ல நெஞ்சு.

விசில் வந்தது அவள் அண்ணன் அரசுவுக்கு.

திலீப் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அறை புழுங்கியது. மெத்தை வாசனை, பழைய வியர்வை, இவற்றுக்கு அடியில் இன்னொன்று. கசப்பான பச்சிலை வாசனை. ஆடாதொடைக் கஷாயம். அரசு ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து, பாட்டுக்குப் பாட்டு ஒரு மடக்கு குடிப்பான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. இருந்தும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனைப்போல் மேலே ஏறிப் பாட ஆள் கிடையாது.

முதல் ஆல்பம் 'செங்களம்' வெளியானபோது எல்லாரும் பேசியது கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தைத்தான். முடியுமா, முடியாதா என்று கேட்கிறவர் நெஞ்சு அடைத்துப்போகும் அளவுக்கு நீண்ட ஒரே சுரம். அதைக் கேட்டுப் புல்லரித்ததாக எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். அந்தச் சுரத்தைப் பாடிய அன்று அரசுவுக்குக் காய்ச்சல். கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினான். இன்ஹேலர் வெளியே, திலீப்பின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டைப் பையில் இருந்தால் கிலுகிலுக்கிறது என்று ஜெகநாதன்தான் பிடுங்கி வைத்திருந்தான். "கண்டுக்காத, டேக் சூப்பரா போயிகினு இருக்குது. அவன் எப்பவும் நாடகம் போடுவான்" என்றான். திலீப் கண்டுகொள்ளவில்லை. சுரம் முடிந்ததும் அரசு விழுந்தான். அந்தக் கனத்த கதவை உள்ளிருந்து தள்ள அவனிடம் வலு இருந்திருக்காது.

பள்ளிப்பட்டில் அவன் வீட்டாரிடம் இவர்கள் இருவரும் வேறு கதை சொன்னார்கள். ஒத்திகை முடிந்து வண்டியில் வரும்போது இழுப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்று. பிறகு திலீப் உட்கார்ந்து அந்தப் பதிவிலிருந்த இழுப்பையெல்லாம் வெட்டி எடுத்தான். சுரம் மட்டும் மிஞ்சியது. ஆல்பம் வெளிவந்தது.

இப்போது இரண்டாவது ஆல்பம். புதுப் பாடகி அரசுவின் தங்கை. அண்ணன் விட்ட இடத்தைத் தங்கை பிடித்தாள் என்று விளம்பரத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பது ஜெகநாதனின் கணக்கு. முருகன் கோபம் தணிந்த ஊரிலிருந்து தணியாத கோபம் என்று அட்டையில் போடவும் ஏற்பாடு செய்துவிட்டான். திலீப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆல்பம் வெளியே போய்விட்டால் அந்த நாளும் போய்விடும், பிரபாவதிக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவள் எதிரே வந்தால் ஏதாவது ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. திலீப் சட்டென்று திரையை மாற்றினான்.

"பஸ்ஸு லேட்டுண்ணா. கே.ஜி. கண்டிகைலயே நின்னுகினு இருந்திச்சு" என்று பிரபாவதி உள்ளே வந்தாள். நெற்றியில் விபூதி. வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "இங்க யாரு கஷாயம் காய்ச்சறது?"

"யாரும் இல்லம்மா."

பின்னாலேயே வந்த ஜெகநாதன், "மோந்து பாத்துகினு நிக்காத, உள்ள போ. கடைசிப் பாட்ட இன்னிக்கு முடிச்சே ஆவணும்" என்றான்.

அவள் உள்ளே போனாள். கதவு ரப்பரைக் கடித்துக்கொண்டு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக் கட்டை விரலைக் காட்டினாள். திலீப் பதிவை ஓடவிட்டான்.

நன்றாகத்தான் பாடினாள். அண்ணன் அளவுக்கு உயரமில்லை, ஆனால் அவனிடம் இல்லாத ஒரு வன்மம் அவள் குரலில் இருந்தது. 'கொடுத்ததைக் கேட்க வரவில்லை, எடுத்ததைக் கேட்க வந்தேன்' என்ற வரியை அவள் பாடும்போது திலீப்புக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரையையே பார்த்தான். பல்லவி முடிந்தது. இசை மட்டும் ஓடும் இடம் வந்தது. குரலின் கோடு படுத்துவிட வேண்டிய இடம்.

படுக்கவில்லை. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

பிரபாவதி பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, ஹெட்போன்ல யாரு மூச்சு இது?"

திலீப் அவளிடம் பேசும் பொத்தானை அழுத்தினான். "உன்னோடதுதாம்மா."

"நான் மூச்சப் புடிச்சுகினுதான நிக்கறேன்."

ஜெகநாதன் சிரித்தான். "இன்னொரு தபா புடி, பாக்கலாம்."

அவள் கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். தோள் அசையவில்லை. கோடு ஏறியது. இறங்கியது. ஸ்பீக்கர் வழியே அறை முழுக்க அந்தச் சத்தம் பரவியது. ஈரமான இழுப்பு, அதன் நுனியில் விசில். பிறகு சிரமப்பட்டு வெளியே தள்ளுவது. மறுபடி இழுப்பு.

பொத்திய கையை அவள் எடுக்கவே இல்லை. கண்கள் மட்டும் மெதுவாக விரிந்தன. பிறகு கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது எங்கண்ணன்."

"பைத்தியமா உனுக்கு? ஒயர் பிரச்ன" என்றான் ஜெகநாதன்.

"குரலா இருந்தா சந்தேகம் வரும். இது மூச்சு. ராத்திரியெல்லாம் பக்கத்துல படுத்து கேட்டுகினு இருந்தவ நானு. எப்ப இழுப்பு ஏறும், எப்ப எறங்கும்னு எனுக்குத் தெரியாதா?" அவள் திலீப்பைத்தான் பார்த்தாள். "வண்டியில வரச்சொல்லோ இழுப்பு வந்துச்சுன்னு எங்க நைனா கிட்ட சொன்னீங்களே. இங்க எப்படிண்ணா வந்துச்சு?"

திலீப் வாயைத் திறந்தான். பொய் தயாராகத்தான் இருந்தது, பலமுறை சொல்லிப் பழகிய பொய்தான். அதற்குள் ஸ்பீக்கரில் அந்த இழுப்பு நின்றது. காத்திருந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வண்டியில இல்லம்மா" என்றான். "இங்கதான். அந்த ரூம்லதான். கைய ஆட்னான். நாங்க போவல."

"டேய்!" ஜெகநாதனின் கை பளாரென்று அவன் பிடரியில் விழுந்தது. "ஒயரு லூசா கீது, அத்தக் கேட்டு ரெண்டு பேரும் ஒப்பாரி வெக்கிறீங்க. நானே புடுங்கிப் போட்டுட்டு வரேன்." கண்ணாடி அறைக்குள் நுழைந்து மைக்கின் அடியில் குனிந்தான்.

கதவு திறந்துதான் இருந்தது.

அவன் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிய நுனியைத் தூக்கி அவர்களிடம் காட்டினான். பார்த்தீர்களா என்பது மாதிரி.

ஸ்பீக்கரில் மூச்சு இழுத்தது.

நீளமாக. மிக நீளமாக. ஜெகநாதனின் சட்டை நெஞ்சோடு ஒட்டியது. அவன் ஏதோ பேச வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஒயர் கீழே விழுந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

மறுபடி இழுத்தது.

திலீப் பதிவை நிறுத்தினான். கோடு ஓடியது. மின்சாரத்தைப் பிடுங்கினான். திரை இருண்டது. ஸ்பீக்கர் அடங்கவில்லை.

"திலீபண்ணா. ரெக்கார்ட் போவுதா?"

"பிரபா, அவரு..."

"போவட்டும். ஒண்ணயும் வெட்டிடாதீங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. எழுந்து ஓடினான். கதவருகே போய்க் கையை நீட்டினான். தலையை உள்ளே விட்டதும் வாயில் காற்று இல்லை. திறந்த கதவு. திறந்த வாய். உள்ளே வர ஒன்றும் இல்லை. பின்னால் சாய்ந்து விழுந்தான். தரையில் கிடந்தபடி வாய் நிறையக் காற்றை அள்ளினான்.

ஜெகநாதன் முழங்காலில் இருந்தான். முகம் கறுத்துவிட்டது. கையை ஆட்டினான். மேலும் கீழும், மேலும் கீழும். பிறகு கை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அதுவும் இல்லை.

அறையில் சத்தம் மாறியிருந்தது.

விசில் போய்விட்டது. ஈரமும் இல்லை. ஆழ்ந்து தூங்குகிறவனின் மூச்சு. போவதும் வருவதும் தடையில்லாமல், நிதானமாக. அரசு உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் அவனுக்குக் கிடைக்காத மூச்சு. கஷாய வாசனை நெஞ்சு எரியும் அளவுக்கு ஏறியிருந்தது.

பிரபாவதி ஸ்பீக்கருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நல்லா மூச்சு விடுது பாருங்க, எங்கண்ணன்."

திலீப் நகர்ந்தான். உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக, படிக்கட்டை நோக்கி. கை சுவரைத் தேடியது. மெத்தை. மெத்தை. கதவின் விளிம்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம். கீழே தெருவில் யாரோ தெலுங்கில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தேனாக இருந்தது.

அப்போது மூச்சு சிக்கியது.

லேசாகத்தான். நுனியில் ஒரு நூல் அளவு விசில். அடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

பிரபாவதியின் சிரிப்பு நின்றது. காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி கூர்ந்து கேட்டாள். பிறகு திரும்பினாள். குரலில் அதே மரியாதை.

"அண்ணா, மறுபடியும் இழுக்குதுங்க."

திலீப் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த ஒரு சொல்லோடு காற்று வெளியே போனது. திரும்பி வரவில்லை. கண் மங்குவதற்குள் அவன் பார்த்தான். பிரபாவதி ஸ்பீக்கரின்மேல் காதை வைத்து, கண்ணை மூடி, இழுப்பு இறங்க இறங்க மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.